யாரையும் நிற்பாட்டவில்லை, உண்மைதான்

"கம்பியூட்டர் போட்டதால ஒருத்தரையும் நிற்பாட்டேல்ல" என்று கொழும்பு முதலாளிமார் சொன்னால் நான் நம்புகிறேன். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒருவரை ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்புவதென்றால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நட்டஈடு வேறு. அந்தத் தலையிடி யாருக்கு? ஆள் தானாக விலகும்வரை பொறுத்திருந்து, அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவரை எடுக்காமல் விட்டால் காரியம் முடிந்தது.

நான் கணக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு துணிக்கடை புறக்கோட்டையில் இருக்கிறது. முன்பு கணக்குப்பிள்ளை ஒருவர், பில் எழுத ஒருவர், காசு வாங்க ஒருவர், ஸ்டோரில் சாமான் எண்ண இரண்டு பொடியன்கள். கணக்குப்பிள்ளை வயதாகி ஊரோடு போய்விட்டார். பொடியன்களில் ஒருவன் கட்டாரில். இப்போது ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்திதான் பார்கோட் அடிக்கிறாள், காசு வாங்குகிறாள், ஸ்டொக் பார்க்கிறாள். கடையின் பேஸ்புக் பக்கத்தில் "விலை என்ன?" என்று கேட்பவர்களுக்கு இன்பொக்ஸில் பதில் போடுவதும் அவள்தான், இரவு பத்து மணிக்கு, போர்டிங் அறையில் இருந்து, சொந்த டேட்டாவில். அதற்கு ஓவர்டைம் கிடையாது. போனில்தானே செய்கிறாளாம்!

அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் சேல்ஸில் நிற்கும் யாராவது அவளுடைய லொகினிலேயே பில் போடுவார்கள். இரவில் காசு குறைந்தால் திரையில் நிற்பது அவள் பெயர், வெட்டு விழுவது அவள் சம்பளத்தில். பில் புத்தகக் காலத்திலாவது கையெழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம்.

சம்பளம் கூடவில்லையா? கூடியது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகி, 2026 ஜனவரியில் 30,000 ஆனதால் கூடியது. அவள் தலையில் ஏறிய மூன்று பேரின் வேலைக்காக ஒரு ரூபாவும் ஏறவில்லை. 2022இல் கடைகள் பட்ட பாடு எனக்கும் தெரியும், மிச்சம் பிடிக்காவிட்டால் சிலர் கதவையே மூடியிருப்பார்கள். சரி, பிடித்த மிச்சத்தில் அவளுக்கு ஒரு பங்கு வேண்டாமா?

ஐடி துறையில் புது வேலைகள் வருகின்றன என்பார்கள். வருகின்றனதான், நல்ல சம்பளமும்கூட. ஆனால் நாற்பத்தைந்து வயதில் பில் எழுதிக்கொண்டிருந்தவர் அங்கே போக முடியாது. அவர் பிக்மீயிலோ ஊபரிலோ ஓட்டோ ஓடுவார். கடையில் இருந்தவரை முதலாளி அவருக்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆப்பில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் "சுயதொழில் செய்பவர்". அறுபது வயதில் எடுக்க என்ன இருக்கும்?

என்னைக் கேட்டால், விலகிப்போனவரின் வேலையை இருப்பவர் தலையில் வைக்கும்போது அதற்கொரு அலவன்ஸை நியமனக் கடிதத்தில் எழுதித் தர வேண்டும். இரவு இன்பொக்ஸ் வேலையையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இதெல்லாம் பெரிய கதை என்றால், குறைந்தபட்சம் ஆளுக்கொரு லொகினாவது கொடுங்கள். போன மாதம் மனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். "சிஸ்டத்தில் அந்த ஒப்ஷன் இல்லை" என்றார். செட்டிங்ஸில் மூன்றாவதாகவே இருக்கிறது, திறந்து காட்டினேன். "முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.