பயம் ஒரு பக்கம், சாவு வேறு பக்கம்

போன வாரம் எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் மறுபடியும் அதே பேச்சு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லாந்து நகரத்துப் பக்கம் ராத்திரியில் போகாதே, எங்கே பார்த்தாலும் சுடுகிறார்கள், ஓரிகன் கெட்டுப் போய்விட்டது என்று ஆளுக்கொரு செய்தித் துணுக்கைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒரு நண்பர், "அதனாலதான் நான் வீட்டுல ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்" என்று எழுதினார். துப்பாக்கியைத்தான் சொல்கிறார். அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். வன்முறைச் சாவு என்றால் முகம் தெரியாத யாரோ ஒருவன் தெருவில் வைத்துக் கொல்வது. பிறகு ஒரு நாள் ஓரிகன் சுகாதார ஆணையம் பொதுமக்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் டாஷ்போர்டில், அதாவது வன்முறை இறப்புகளின் கணக்கைக் காட்டும் இணையப் பக்கத்தில், உட்கார்ந்து வருடம், வயது, கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். இந்த மாநிலத்தில் கொலையாகிறவர்களைவிடத் தற்கொலையால் போகிறவர்கள் பல மடங்கு அதிகம். துப்பாக்கியால் போகிற உயிர்களிலும் பெரும்பகுதி தற்கொலைதான். நாடு முழுவதும் எடுத்தாலும், கொலைகள் ஏறியிருந்த 2021இல்கூட, துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை, 20,958 பேர் கொலை. நம் குழுவில் இந்தத் தற்கொலை எண்ணைப் பற்றி ஒருவர்கூட ஒரு நாளும் பேசியதில்லை.

இந்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதன் மேல் மரியாதை வரும். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2002இல் ஆறு மாநிலங்களோடு தொடங்கிய தேசிய வன்முறை இறப்புப் பதிவு முறை இது, அந்த ஆறில் ஓரிகனும் ஒன்று. 2018இல்தான் 50 மாநிலங்களும் உள்ளே வந்தன. இறப்புச் சான்றிதழ் தனியாக ஒரு காகிதம், பிரேதப் பரிசோதனை அறிக்கை இன்னொரு இடத்தில், போலீஸ் அறிக்கை வேறொரு இடத்தில். யாரோ ஒருவர் இந்த மூன்றையும் தேடி எடுத்து, வரி வரியாகப் படித்து, பெயரை நீக்கிவிட்டு ஒன்றாகச் சேர்க்கிறார். ஒருவன் மனைவியைக் கொன்றுவிட்டுத் தானும் செத்தால் சான்றிதழ்களில் அது ஒரு கொலை, ஒரு தற்கொலை என்று இரண்டு தனிக் கணக்கு. இங்கே அது ஒரே சம்பவம். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது. இப்படிப் படித்துச் சேர்க்க நாள் ஆகும், அதனால் புது வருடத்துக் கணக்கு உடனே வராது, அதற்குக் கோபப்படாதீர்கள்.

ஆனால் வரைபடத்தில் அடர் நிறமாக இருக்கிற கவுண்டியின் ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். வீலர் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 1,451 பேர்தான். அங்கே ஒரு வருடத்தில் ஒரே ஒருவர் இறந்தால்கூட விகிதம் லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட 69 ஆகிவிடும். அதற்காகத்தான் சின்ன எண்களை மறைக்கிறார்கள், அல்லது பல வருடங்களைச் சேர்த்துக் காட்டுகிறார்கள். சிடிசியின் வொண்டர் என்ற இணையத் தரவுத் தளத்தில் 1 முதல் 9 வரையிலான எண்ணே தெரியாது. மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அவ்வளவு சின்ன ஊரில் அந்த "ஒன்று" யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம், ஓரிகனில் மருத்துவர் உதவியோடு கண்ணியமாக இறக்கும் சட்டம் இருப்பதால்தான் எண் கூடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. அந்தச் சட்டத்தின்படி நடக்கும் இறப்புகள் தற்கொலைக் கணக்கில் சேர்வதே இல்லை.

எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது, இறப்புக்கு முன்னால் இருந்த சூழ்நிலைகள் என்று வருகிற பகுதி. துணையோடு பிரச்சினை, உடல்நோய், வேலை, கடைசி இரண்டு வாரத்துக்குள் வந்த ஒரு நெருக்கடி என்று சதவீதமாகப் போட்டிருப்பார்கள். ஒருவருக்குப் பல காரணம் இருக்கலாம், கூட்டினால் நூறு வராது. இன்னொன்று, மனச்சோர்வு 40 சதவீதம் பேருக்கு என்று ஒரு இடத்தில் இருந்தால் மீதி 60 சதவீதம் பேருக்கு அது இல்லை என்று அர்த்தமில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நம் சமூகத்தில் எத்தனை வீட்டில் வாயைத் திறந்து சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் ஓரிகனில் 2021இல் வந்தது. குழந்தை கையில் கிடைக்கும், திருடன் எடுத்துப் போவான் என்றுதான் அதைப் பேசுகிறோம். எனக்கு அந்த டாஷ்போர்டைப் பார்த்த பிறகு, வீட்டிலேயே மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். 75 வயதைத் தாண்டிய ஆண்களிடம்தான் நாட்டிலேயே தற்கொலை விகிதம் அதிகம். அந்தக் கெட்ட நேரம் பெரும்பாலும் வந்து போகிற ஒன்று. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு உயிர் நிற்கிறது.

அந்த நண்பரைத் தனியாகக் கூப்பிட்டேன். டாஷ்போர்டைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டு, துப்பாக்கி பூட்டி இருக்கிறதா, சாவி யாரிடம், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "அப்பா இப்பல்லாம் யார்கிட்டயும் பேசறதில்லடா" என்றார். ஒரு மணி நேரம் பேசினோம்.

அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்குத் தற்கொலை எண்ணம், மன நெருக்கடிக்கான உதவி எண்: 988. கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம். உங்களுக்காக இல்லாவிட்டாலும், வீட்டில் ஒருவரை நினைத்துக் கவலையாக இருந்தாலும் கூப்பிடலாம்.