அந்த ஒரு ஓட்டு 2019-இல், கவுன்டி கவுன்சிலில்

அயர்லாந்து அரசியல்வாதி ஹாலி கேர்ன்ஸைப் பற்றி, "ஒரே ஒரு ஓட்டில் நாடாளுமன்றம் போனவர், அதிர்ஷ்டத்தில் கட்சித் தலைவரும் ஆகிவிட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு தேர்தல்களை ஒன்றாகக் குழப்பியதால் வந்த தவறு இது.

ஒரு ஓட்டு வித்தியாசம் உண்மைதான். ஆனால் அது 2019 மே மாதம் நடந்த கார்க் கவுன்டி கவுன்சில் (மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றம்) தேர்தலில். அயர்லாந்தில் வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார்கள். கடைசியில் இருப்பவர் வெளியேறியதும், அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்குப் போகும். இப்படிச் சுற்றுச் சுற்றாக எண்ணி, மறு எண்ணிக்கையும் முடிந்த பிறகுதான் அந்த ஒரு ஓட்டு நின்றது. நாடாளுமன்றத்துக்கு அவர் போனது 2020 பிப்ரவரியில், மூன்று இடங்கள் கொண்ட கார்க் தென்மேற்குத் தொகுதியிலிருந்து. அது வேறு தேர்தல்.

அப்புறம் அந்த 'அதிர்ஷ்டம்'. 2023 மார்ச்சில், 33 வயதில், சோஷியல் டெமாக்ரட்ஸ் கட்சியின் தலைவரானபோது போட்டி இல்லை, சரி. அதற்கு முன் மேற்கு கார்க்கில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்து, மால்ட்டாவில் மாற்றுத்திறனாளிகளோடு வேலை பார்த்து, ஊர் திரும்பி 2018 கருக்கலைப்பு உரிமை வாக்கெடுப்புக்குப் பிரசாரம் செய்தவர். தாயோடு இயற்கை முறைக் காய்கறி விதைத் தொழிலையும் பார்த்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு அதிர்ஷ்டம் என்பது நியாயமே இல்லை. 2024 நவம்பர் தேர்தலில் அவர் தலைமையில் கட்சி 6 இடங்களிலிருந்து 11-க்கு உயர்ந்தது. வாக்குப்பதிவு நாளன்றுதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.