துணை கேலக்ஸி கையின் நுனியில் ஒட்டியிருக்கவில்லை

சுருள் கேலக்ஸியான எம் 51-இன் கை நுனியில் அதன் சிறிய துணை கேலக்ஸி என்ஜிசி 5195 "ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்கிறது அதைப் பற்றிய ஒரு கட்டுரை. படத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் சிறியது பின்னால் இருக்கிறது. ஹபிள் படத்தைப் பெரிதாக்கினால், கையின் கருந்தூசிப் பட்டை அதன் ஒளியைக் குறுக்கே மறைப்பது தெரியும். நெருங்கிக் கடக்கும் ஈர்ப்பே இப்படிப் பாலமும் வாலும் இழுத்துவிடும் என்பதை வானியல் ஆய்வாளர்களான டூம்ரே சகோதரர்கள் 1972-லேயே கணினியில் காட்டிவிட்டார்கள்.

நேரில் பார்க்க: சப்தரிஷியின் வால்நுனி மரீசியிலிருந்து தென்மேற்கே சுமார் 3.5 பாகை. இருண்ட வானில் 4 அங்குலத் தொலைநோக்கியிலேயே இரண்டு மங்கல் பொட்டுகள் தெரியும். சுருளுக்கு 8 முதல் 10 அங்குலம், 100 மடங்குப் பெருக்கம், கடைக்கண் பார்வை (நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்ப்பது) வேண்டும். நகர ஒளியில் கேலக்ஸிகளின் பிரகாசமான மையக் கருக்கள் மட்டுமே மிஞ்சும். குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் விடும் நெபுலா ஃபில்டர் போட்டுப் பயனில்லை. கேலக்ஸி ஒளி பெரும்பாலும் விண்மீன்களுடையது, எல்லா அலைநீளத்திலும் பரவியது, ஃபில்டர் அதையும் சேர்த்து வெட்டிவிடும்.

படமெடுப்பவர்கள் கோட்டைவிடுவது துணையைச் சுற்றியுள்ள மங்கலான அலைவாலில்தான் (ஈர்ப்பு இழுத்துவிட்ட விண்மீன் வால்). ஃப்ளாட் (படத்தின் ஒளிச் சீரின்மையைத் திருத்த எடுக்கும் படம்) சரியில்லாமல் பின்னணியைச் சமன்செய்தால், மென்பொருள் அதையும் ஒளிமாசு என்று துடைத்துவிடும். பின்னணியை அளக்க மென்பொருளில் குறிக்கும் மாதிரிப் புள்ளிகளை அலைவாலிலிருந்து தள்ளியே வையுங்கள்.