ஃபோல்டர் பிரித்தால் மட்டும் போதாதுங்க

வெப் ஆப் கோடை மாடல் (டேட்டாவும் அதன் விதிகளும்), வியூ (திரையில் காட்டுவது), கண்ட்ரோலர் (கோரிக்கையை வாங்கி இரண்டையும் இணைப்பது) என்று பிரிப்பது பற்றித்தான் பேச்சு. "வியூ ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் போட்டு, ஜிஎஸ்டி கணக்கைக் கண்ட்ரோலருக்கு நகர்த்தினால் பிரிப்பு முடிந்தது" என்று மேலே அண்ணன் எழுதியிருப்பது சரியில்லைங்க. ஃபைல் எங்கே இருக்கிறது என்பதல்ல, எந்த வேலை எங்கே நடக்கிறது என்பதுதான் விஷயம்.

திருப்பூர் பனியன் ஆர்டர் பட்டியலை ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுதும் ஃபிரேம்வொர்க்) காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்க. (மற்ற இடங்களில் கண்ட்ரோலர் என்பதைத்தான் ஜாங்கோ 'வியூ' என்கிறது, பாதிக் குழப்பம் இந்தப் பெயரால்தான்.) டெம்ப்ளேட் (பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதும் ஃபைல், மற்ற இடங்களில் வியூ) தனி ஃபோல்டரில்தான் இருக்கும். ஆனால் அதன் லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் பையர் பெயரையும் சைஸ்வாரி பீஸ்களையும் கேட்டால், 50 ஆர்டருக்கு பட்டியலுக்கு 1, பையருக்கு 50, பீஸ்களுக்கு 50, ஆக 101 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடும். கண்ட்ரோலரிலேயே பையருக்கு செலக்ட்_ரிலேட்டட் (அதே குவெரியில் சேர்த்து எடுப்பது), பீஸ்களுக்கு பிரீஃபெட்ச்_ரிலேட்டட் (இன்னொரே குவெரியில் மொத்தமாக எடுப்பது) கொடுத்தால் 2 குவெரியில் முடியும். அதற்கு அப்புறமும் ஏதாவது மாடல் மெத்தட் உள்ளுக்குள் அந்தப் பீஸ்களுக்கு ஃபில்டர் போட்டால், முன்கூட்டி எடுத்துவைத்தது வீண். ஆர்டருக்கு ஒன்றாக மறுபடி குவெரி ஓடும்.

ஜிஎஸ்டி? அதைக் கண்ட்ரோலரில் வைத்தால், நாளைக்கு மொபைல் ஆப்புக்கு ஜேசன் (டேட்டா அனுப்பும் ஒரு வடிவம்) கொடுக்க இன்னொரு கண்ட்ரோலர் வரும்போது கணக்கை அங்கேயும் காப்பி அடிக்க வேண்டும். மாடலிலோ, கணக்குக்கென்று தனியாக எழுதும் சர்வீஸிலோ இருக்கட்டும். 1,25,000 என்று கமா போடுவது மட்டும் டெம்ப்ளேட்டின் வேலை.

பட்டியல் பக்கத்துக்கு அசர்ட்நம்குவெரிஸ் (எத்தனை குவெரி ஓடியது என்று சரிபார்க்கும் ஜாங்கோ வசதி) வைத்து ஒரு டெஸ்ட் எழுதிவிடுங்க. லாகின் தேவைப்படும் பக்கமானால் செஷனுக்கும் யூசருக்கும் 2 கூடி 4 வரும். டெம்ப்ளேட்டில் யாராவது புதிதாக ஒரு ரிலேஷனைத் (ஆர்டரோடு இணைந்த வேறு டேபிளை) தொட்டால் அன்றைக்கே டெஸ்ட் ஃபெயில் ஆகும்.