மூளை கற்கிறது, சரி. எதைக் கற்கிறது?

நியூரோஃபீட்பேக் பயிற்சிக்கான விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. தலையில் கம்பிகள் ஒட்டிய குழந்தை, எதிரே ஒளிரும் திரை, மேலே "மூளையைச் சீரமைக்கிறோம்" என்ற வாசகம். அந்தக் கருவி எதையும் சீரமைப்பதில்லை. மூளைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதும் இல்லை. தலைத்தோலில் எழும் மின்னழுத்தத்தை அளக்கிறது, அவ்வளவுதான். அந்த மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம்தான் மூளை அலை. கணினி அதிலிருந்து வேண்டிய அலையைப் பிரித்தெடுக்கும். அந்த அலை குறித்த அளவைத் தாண்டினால் மணி ஒலிக்கும், அல்லது திரையில் படம் தெளிவாக ஓடும். தாழ்ந்தால் படம் மங்கிவிடும். மற்ற வேலையெல்லாம் மூளையுடையது.

விளம்பரக்காரர்கள் விட்டுவிடும் இந்த இடம்தான் எனக்கு வியப்பு. நம் மூளை அலைகளை உணர நமக்குப் புலன் எதுவும் கிடையாது. ழகரம் பழகும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். நாக்கை எவ்வளவு மடக்க வேண்டும் என்று விளக்கி யாரும் அதற்குக் கற்பித்துவிட முடியாது. தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டு, ஒருநாள் நாக்கு தன் இடத்தைப் பிடித்துவிடுகிறது. நியூரோஃபீட்பேக் செய்வது, மூளைக்கு அப்படி ஒரு காதைக் கொடுப்பதுதான். ஓசை உடனுக்குடன் வர வேண்டும். தாமதித்தால் எதற்குப் பரிசு கிடைத்தது என்று மூளைக்குப் புரியாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், "இப்படி நினைத்தேன், அப்படி முயன்றேன்" என்று உத்தி சொன்னவர்களைவிட, குறிப்பாக எதுவும் செய்யவில்லை என்றவர்களே அலையை நன்றாக உயர்த்தியிருந்தார்கள். முயற்சியே குறுக்கே நிற்கிறது போலும்.

இது வெறும் மனப்பிரமை என்று ஒதுக்குபவர்களுக்கு ஸ்டெர்மனின் பூனைகள் தெரிந்திருக்காது. 1960களில் கலிஃபோர்னியாவில் மூளை ஆய்வாளர் பேரி ஸ்டெர்மன், உடல் அசையாமல் விழிப்போடு இருக்கும்போது இயக்கப் புறணியில் (உடல் அசைவுகளை இயக்கும் மூளையின் மேற்பகுதியில்) தோன்றும் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான அலையைக் கூட்டும்படி பூனைகளைப் பழக்கினார். அலை எழுந்தால் உணவு கிடைக்கும். பிறகு வேறொரு வேலையாக, ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசினின் நச்சுத்தன்மையைச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற பூனைகளுக்கு வலிப்பு தாமதமாகவே வந்தது. பூனைக்கு ஏது நம்பிக்கை, ஏது எதிர்பார்ப்பு? 1972இல் வலிப்பு நோயாளி ஒருவருக்கு இதே பயிற்சி அளித்த அனுபவத்தை அவர் வெளியிட்டார். (இதைப் படித்துவிட்டு யாரும் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.)

ஆகவே மூளை தன் அலையை மாற்றக் கற்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கற்றல் வாழ்க்கைக்கு எவ்வளவு உதவுகிறது என்பதில்தான் ஐயம். தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட்டுகள்தான். தாடையை இறுக்கினாலும் கண்ணைச் சிமிட்டினாலும் அதைவிடப் பெரிய சமிக்ஞை வந்து விழும். கவனமில்லாமல் நடத்தப்படும் பயிற்சியில், குழந்தை தாடையைத் தளர்த்தக் கற்றுக்கொண்டு வீடு திரும்பலாம். அதுவும் நல்லதுதான், ஆனால் அதற்குக் கணினி எதற்கு?

அதைவிடச் சங்கடமான செய்தி 2021இல் வந்தது. கவனக்குறைபாடும் மிகைச்செயல்பாடும் உள்ள, 7 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு அது. ஒரு பிரிவுக்கு உண்மையான பயிற்சி. மறுபிரிவுக்கு வேறொருவரின் பதிவு செய்த அலையைக் கொண்டு போலிப் பயிற்சி. எந்தக் குழந்தை எந்தப் பிரிவில் என்பது பெற்றோருக்கும் தெரியாது. இரு பிரிவினரும் முன்னேறினார்கள், ஏறக்குறைய ஒரே அளவில். பயிற்சியின் ஆதரவாளர்கள் "முன்னேறினார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எதிர்ப்பவர்கள் "ஒரே அளவில்" என்பதை மட்டும் சொல்கிறார்கள். வாரந்தோறும் ஒரே இடத்தில் அமர்வது, பொறுமையாக ஒரு பெரியவர் உடனிருப்பது, சிறுசிறு வெற்றிகளுக்குப் பாராட்டுப் பெறுவது, இவையே ஒரு குழந்தையை நிதானப்படுத்தக்கூடும் என்று நான் நினைக்கிறேன். அப்படியென்றால் பாராட்டு சேர வேண்டியது மின்முனைகளுக்கு அல்ல.

தன்னைத் தானே ஆளக் கற்பது என்றால், திரை இல்லாதபோதும் ஆள முடிய வேண்டும். தேர்வுக்கூடத்தில் மணி ஒலிக்காது, கோபம் ஏறும்போது படம் மங்கி எச்சரிக்காது. ஜெர்மனியின் டூபிங்கனில் மூளை ஆய்வாளர் நீல்ஸ் பிர்பாமரின் குழுவினர் வளர்த்தெடுத்த முறையில், இடையிடையே திரையில் எதையும் காட்டாமல் "இப்போது நீயே செய்" என்று விட்டுவிடுவார்கள். என் கணக்கில் பயிற்சி தொடங்குவதே அங்குதான். பல இடங்களில் இந்தப் பகுதியே இல்லை. ஒரு பயிற்சியாளரிடம் நேரில் இதைக் கேட்டேன்: திரையை அணைத்த பிறகு என்ன நடந்தது என்று அளந்த பதிவு இருக்கிறதா? அவர் வண்ண வண்ணமாக வரைபடங்களை எடுத்துக் காட்டினார். எல்லாமே திரை ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்தவை. அதைச் சுட்டிக்காட்டியதும், முதலில் ஓர் அமர்வு முயன்று பாருங்கள் என்று படிவத்தை நீட்டினார். நான் நிரப்பவில்லை.