சி.டி. ஸ்கேன் நார்மல் என்றால் நிம்மதியா?
“சி.டி. ஸ்கேன் நார்மல் என்றால் தலைவலிக்குப் பயப்பட வேண்டாம்” என்று தலைவலி பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூளைச் சிரையில் (மூளையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில்) ரத்தம் உறைந்தால் சாதாரண சி.டி.யில் பல நேரம் ஒன்றுமே தெரியாது. சிரைகளைக் காட்டும் வெனோகிராம் (எம்.ஆர். அல்லது சி.டி. முறையில்) எடுத்தால்தான் பிடிபடும். என் தங்கைக்கு சிசேரியன் ஆகி 12ஆம் நாள் தலைவலி தொடங்கியது. முதுகில் போட்ட ஊசியால் வருவது, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். ஊசியால் வரும் வலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். இவளுக்கோ நேர்மாறு. படுக்கவே முடியாமல் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே இரவைக் கழித்தாள். இருமினால் மண்டையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். சி.டி. நார்மல். 3 நாள் கழித்து வலது கை வெட்டி வெட்டி இழுத்து வலிப்பு வந்த பிறகுதான் வெனோகிராம் எடுத்து, சிரையில் ரத்தம் உறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்கு ரத்தம் எளிதில் உறையும். உடம்பில் நீர் குறைந்தால் இன்னும் மோசம். பச்சை உடம்பு என்று அம்மா அவளுக்குத் தண்ணீரை அளந்து அளந்துதான் கொடுத்தார் (அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அம்மாவிடம் யாரும் இன்றுவரை சொல்லவில்லை). இப்படிப்பட்ட தலைவலி ‘வெறும் மைக்ரேன்’ என்று மேலே கருத்து எழுதியவருக்கு: மைக்ரேனே இல்லாதவருக்குப் புதிதாக வந்து, நாளுக்கு நாள் கூடி, பார்வையும் மங்கினால் அந்தப் பேச்சு சரிவராது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், காதில் சீழ் ஆறாதவர்கள், இவர்களுக்கும் இந்த ரத்த உறைவு வரலாம். அப்புறம், தங்கைக்கு ரத்தம் மேலும் உறையாமல் தடுக்க ஹெப்பாரின் ஊசியும் பிறகு 6 மாதம் அதற்கான மாத்திரையும் கொடுத்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறாள்.