கைநாட்டு வைத்த கதையாகச் சொல்லாதீர்கள்

அந்தப் பட்டிமன்ற வீடியோத் துண்டை மூன்று நாளாக ஆள் மாற்றி ஆள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். வளைகுடாவில் பதினேழு வருடம் இருந்தவன், பார்த்தால் சிரிப்பான் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவன்கிட்ட வெள்ளைக்காரன் ஒரு காகிதத்தை நீட்டினான், அவன் படிக்காம கைநாட்டு வெச்சான், அதிர்ஷ்டம் அடிச்சுது." அந்தப் பேச்சாளருக்கு அரபு நாட்டு எண்ணெய் வரலாறு இவ்வளவுதான். அதற்கு அரங்கம் முழுக்கக் கைதட்டல். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் காகிதம் நீட்டப்படுவதற்குப் பல வருடம் முன்பே, எண்ணெயை யாரிடம் விற்கலாம் என்கிற உரிமையைப் பிரிட்டிஷார் அந்த அரபு ஷேக்குகளிடமிருந்து வாங்கிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

குவைத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நான் இருந்த ஊர். 1899 ஜனவரியில் அதை ஆண்ட ஷேக் முபாரக் பிரிட்டிஷாருடன் ஓர் ஒப்பந்தம் போட்டார். பிரிட்டிஷார் சம்மதம் இல்லாமல் தன் மண்ணில் ஒரு துண்டைக்கூட வேறு எந்த அரசுக்கும் விற்கவோ குத்தகைக்கு விடவோ மாட்டேன் என்பது அதன் சாரம். அதற்காக அவருக்குக் கிடைத்தது 15,000 ரூபாய். ஆமாம், நம் ரூபாய்தான். அந்த வளைகுடாவை மேய்த்ததே அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம்தான், பாரசீகக் கரையில் பூஷேரில் இருந்த அதன் ரெசிடென்ட் என்ற பிரதிநிதி வழியாக. முபாரக் ஏன் ஒத்துக்கொண்டார்? தலைக்கு மேல் துருக்கியரின் உஸ்மானியப் பேரரசு நின்றது. அதனிடமிருந்து காப்பாற்ற ஒரு கப்பற்படை வேண்டும், அது பிரிட்டிஷாரிடம் இருந்தது. அவ்வளவு எளிமையான கணக்கு.

அப்புறம் 1913 அக்டோபர் 27. அதே முபாரக், ரெசிடென்ட் பெர்சி காக்ஸுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் தேதி. குவைத்தில் எண்ணெய் இருந்தால், பிரிட்டிஷ் அரசு கைகாட்டும் ஆளைத் தவிர வேறு யாருக்கும் உரிமை தர மாட்டேன் என்று அதில் உறுதி கொடுத்தார். குவைத்தின் புர்கானில் எண்ணெய் வந்தது 1938-ல். கால் நூற்றாண்டுக்கு முன்பே கதவைச் சாத்திச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1914-ல் பஹ்ரைனிடமும் இதே மாதிரி வாங்கினார்கள், 1922-ல் இப்போதைய எமிரேட்ஸ் பக்கத்து ஷேக்குகளிடமும். சந்தையில் ஒரே ஒரு வியாபாரியை மட்டும் உள்ளே விட்டு, மற்ற எல்லோரையும் வாசலில் நிறுத்திவிட்டு, "ஏன் இவ்வளவு மலிவாகக் கொடுத்தாய், விலை தெரியாதா" என்று கேட்பது என்ன நியாயம்?

அதே பெர்சி காக்ஸ்தான் 1922 கடைசியில் இப்போதைய சவூதிக் கரையில் உள்ள உகைரில் கூடாரம் போட்டு உட்கார்ந்து எல்லைக் கோடு கிழித்தவர். பின்னாளில் சவூதி அரேபியாவின் மன்னரான இப்னு சவூத் உரிமை கொண்டாடிய நிலத்தில் ஒரு பகுதி இராக்குக்குப் போனது, அதை ஈடுகட்டக் குவைத் உரிமை கொண்டாடிய நிலத்தில் பெரும்பகுதியை இப்னு சவூதுக்குக் கொடுத்தார். அப்போது குவைத்தை ஆண்ட ஷேக் அகமது, முபாரக்கின் பேரன், அங்கே இல்லவே இல்லை! அவர் சார்பில் உட்கார்ந்திருந்தவரும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரிதான். பிறகு ஷேக் அகமது காக்ஸிடம் நேரில் கேட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. பேனாவைவிட வாளுக்குப் பலம் அதிகம் என்ற பொருளில் காக்ஸ் பதில் சொன்னதாக, உகைரில் கூடவே இருந்த பிரிட்டிஷ் அதிகாரி டிக்சன் எழுதி வைத்திருக்கிறார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும். தன் நிலம் போனது தெரிந்து, போனதற்குக் காரணமும் தெரிந்து, யாரிடம் முறையிட வேண்டுமோ அவரே எடுத்தவராகவும் இருந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

அந்த ஷேக் அகமது பேரம் பேசவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கே வருவேன். பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி ஆங்கிலோ-பெர்சியன் ஒரு பக்கம், அமெரிக்க கல்ஃப் ஆயில் ஒரு பக்கம், இரண்டையும் மோதவிட்டு வருடக்கணக்கில் இழுத்தடித்தார். அமெரிக்கக் கம்பெனி உள்ளே வருவதற்கே, பிரிட்டிஷ் கம்பெனிக்குத்தான் தர வேண்டும் என்ற நிபந்தனையை லண்டன் 1932-ல் தளர்த்த வேண்டியிருந்தது. சரி, போட்டி வந்துவிட்டது, விலை ஏறும் என்று பார்த்தால், 1933 டிசம்பரில் இரண்டு கம்பெனியும் பாதிப் பாதி என்று கைகோத்துக்கொண்டன. நம் ஊர் ஏலத்தில் சிண்டிகேட் போடுவது என்போமே, அச்சு அசலாக அதுதான். அதற்கு மேல், அவை இரண்டும் சேர்ந்து தொடங்கிய குவைத் ஆயில் கம்பெனி 1934 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசோடு தனியாக ஓர் அரசியல் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டது. இவ்வளவும் முடிந்த பிறகு, 1934 டிசம்பர் 23-ல்தான் ஷேக் கையெழுத்துப் போட்டார். 75 வருடம், டன்னுக்கு 3 ரூபாய். ஒரு பீப்பாய்க்குக் கணக்குப் போட்டால் ஆறு ஏழு அணா. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வளைகுடா முத்துத் தொழிலை அழித்துவிட்ட காலம் அது. கஜானா காலி. அப்போதும் அவர் கேட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், வேறு வழியில்லாமல் போட்டார்.

வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1996-ல் சென்னையில் ஏஜெண்ட் ஆபீசில் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் மாதம் 90 தினார். குவைத்தில் இறங்கி மூன்றாவது நாள் கம்பெனியில் இன்னொரு காகிதம் வைத்தார்கள், அதில் 55. எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், நான் டிப்ளமோ முடித்தவன். இரண்டு முறை படித்தேன். ஊரில் விசாவுக்காக வாங்கிய கடன் மூன்று வட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன். முதல் விடுமுறையில் வந்தபோது என் மாமா பையன் நாலு பேர் முன்னால் கேட்டான்: "ஏன்டா, படிச்சவன்தானே, பார்த்துப் போடத் தெரியாதா?" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இந்தப் பட்டிமன்றக் கைதட்டலில் மறுபடி கேட்டேன். 55 தினார் கூட எனக்கு மறந்துவிட்டது, அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

இப்போது சிலர் வருவீர்கள். "இப்னு சவூத் மட்டும் என்ன, எண்ணெய் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது தூங்கிவிட்டாராமே" என்று. அந்தக் கதை எனக்கும் தெரியும். அவர் தூங்கியிருக்கட்டும். 1933 பிப்ரவரியிலிருந்து மே 29 வரை ஜித்தாவில் அவருடைய நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் மூன்றரை மாதம் தூங்காமல் பேரம் பேசினார், அதைச் சொல்லுங்கள். ஹஜ் யாத்திரிகர் கூட்டம் பாதிக்கும் கீழே சரிந்து அரசு கடனில் நின்ற நேரத்தில், எனக்குத் தங்கம்தான் வேண்டும் என்று நின்றார்கள். ரூபாயில் தருகிறேன் என்ற இராக் பெட்ரோலியம் கம்பெனியை விட்டுவிட்டு, 35,000 தங்க நாணயம் எண்ணி வைத்த அமெரிக்கக் கம்பெனி கலிபோர்னியா ஸ்டாண்டர்டுக்குக் கொடுத்தார்கள். ஏன் முடிந்தது? 1915-ல் இதே இப்னு சவூதும் முபாரக் மாதிரியே பிரிட்டிஷாருக்கு வாக்குக் கொடுத்துக் கட்டுப்பட்டவர்தான். 1927 ஜித்தா உடன்படிக்கையில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அதே ஆள், அதே பாலைவனம், அதே ஒட்டகம். கட்டு இல்லாதபோது வேறு விலை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இராக்கில் இன்னும் மோசம். 1920-ல் பிரிட்டனும் பிரான்சும் சான் ரெமோ மாநாட்டில் எண்ணெயைப் பங்கு பிரித்தபோது, உள்ளூர்க்காரர்களுக்கு 20 சதவீதம் வரை பங்கு உண்டு என்றார்கள். 1925 மார்ச்சில் 75 வருட எண்ணெய் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தப் பங்கு இல்லை. வடக்கே மோசூல் யாருக்கு என்று முடிவாகாத நேரம், துருக்கி கேட்டுக்கொண்டிருக்கிறது, பிரிட்டிஷ் ஆதரவு போனால் மோசூலே போய்விடும். அந்தப் பயத்தில் போட்ட கையெழுத்து. அதை எதிர்த்து இரண்டு இராக் அமைச்சர்கள் பதவியை விட்டுப் போனார்கள். கைநாட்டு ஆட்களுக்கா அந்தக் கோபம் வந்தது?

"வெள்ளைக்காரன் தோண்டாவிட்டால் எண்ணெய் மண்ணுக்குள்ளேயேதான் இருந்திருக்கும்" என்பீர்கள். சரி, பணமும் இயந்திரமும் அவர்கள் கொண்டுவந்ததுதான், சவூதியின் தம்மாமில் எண்ணெய்க்காக ஏழாவது கிணறு வரை காத்திருந்ததும் உண்மைதான். கிணறு வெட்டியவனுக்குக் கூலியும் லாபமும் கொடு, 75 வருடத்துக்குக் கிணற்றையே எழுதிக் கொடு என்று யார் சொன்னது?

"அவன் உப்பைத் தின்றாய், அதான் பரிந்து பேசுகிறாய்." நேற்று இன்பாக்ஸில் ஒருவர் இதை எழுதினார். ஐயா, என் பாஸ்போர்ட் நாலு வருடம் கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அப்பா இறந்தபோது அது என் கைக்கு வருவதற்குள் ஊரில் காரியம் முடிந்துவிட்டது. அந்த ஊரில் நம் ஆட்கள் படும் பாட்டை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். அதற்காக அவர்கள் பாட்டனைப் பற்றிப் பொய் சொல்லிக் கைதட்டு வாங்கலாமா? இன்றைக்கு அவர்கள் கையில் காசு இருக்கிறது என்பதாலேயே அன்றைக்கு அவர்களுக்கு நடந்தது நடக்காததாகிவிடுமா?

என்னோடு வேலை பார்த்த ஒரு குவைத்திப் பெரியவர், பாதி ஹிந்தி பாதி அரபியில் பேசுவார். சின்ன வயதில் கடைவீதியில் ரூபாயும் அணாவும்தான் புழங்கியது என்பார். அவருடைய தாத்தா முத்துக் குளித்தவர். நகுதாவிடம், அதாவது படகுத் தலைவரிடம், வாங்கிய முன்பணக் கடன் தீராமலேயே இறந்துபோனார், கடன் பெரிய மகன் பெயருக்கு மாறியது. அவர் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எந்தப் பருவத்துக்கு எத்தனை ரூபாய் நகுதா கூடுதலாக எழுதினார் என்பதைச் சாகும்வரை தேதி வாரியாக மனப்பாடமாகச் சொல்வாராம். இதைச் சொல்லும்போது பெரியவர் கண் கலங்கும், எனக்கும்.

அந்தத் துண்டு ஓடும் பக்கத்தில் முந்தாநாள் போய் மரியாதையாக ஒரு பின்னூட்டம் போட்டேன். முபாரக்கின் கடிதத் தேதி, இரண்டு வரி விளக்கம், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். இன்று காலை மறுபடி போட்டிருக்கிறேன், இந்த முறை விளக்கம்கூட இல்லாமல்: 1913 அக்டோபர் 27.